எதிராத்து ரங்கநாயகி வைத்த புள்ளி

ஸ்ரீரங்கம்,
நந்தன வருஷம், போகிக்கு முதல் நாள்.

சிரஞ்சீவி மணவாளனுக்கு உன் அக்கா கமலவல்லி பண்ணும் ஆசீர்வாதம். நம்பெருமாள் கடாக்ஷத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். சரீர சௌக்கியத்துக்கு ஒரு குறைவும் இல்லை. உன் அத்திம்பேர் இரண்டு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். ஆபீஸுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுக்கிறார். நேற்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன், ‘பேஷ்’ என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் ஆத்துக்காரிக்கு இருமல் தேவலையா? குழந்தைக்குக் கீழ்ப்பல் முளைத்துவிட்டதா? இதற்கெல்லாம் சாவகாசமாகப் பதில் எழுது. முதலில் நான் சொல்லும் காரியத்தைச் செய்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே, காப்பி ஆறினாலும் பரவாயில்லை, உன் பத்திரிகை ஆபீஸுக்குக் கிளம்பு. உங்கள் ஆசிரியர் மேஜை மேல் உன் அத்திம்பேர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்திருக்கும். ‘ஸ்ரீரங்கத்தில் புதிய கிரகம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பே அவர்தான் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்திருக்கிறார். கிரகத்துக்கு ‘அரங்கன்’ என்று நாமகரணமும் ஆகிவிட்டது. அதை அச்சுக்கோக்கிறவர் கைக்குப் போகாமல் எப்படியாவது எடுத்துவிடு. உன் வேலைக்குப் பங்கம் வராமல் எடு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அது வந்துவிட்டால் பொன்மலை ஒர்க்ஷாப் ஆபீஸில் மனுஷர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஏனென்றால், அம்பி, அப்படி ஒரு கிரகமே கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தால் மனுஷர் உடைந்து போவார்.

யாரைக் குறை சொல்வது? உன்னிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூர் மார்க்கெட்டில் கப்பல் ஜன்னல் கண்ணாடி என்று உள்ளங்கை தடிமனில் இரண்டு வட்டக் கண்ணாடி வாங்கி அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பொடி போட்டு அரைத்தால் மேல் கண்ணாடி தானாகக் குழிந்து டெலஸ்கோப்புக்கு ஆகும் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அரைப்பது என்றால் நாம் அரைக்கிற மாதிரி உட்கார்ந்து இல்லை. ஒரு தார் டிரம்மைக் கொல்லையில் நிறுத்தி, அதன் மேல் கண்ணாடியை வைத்துத் தள்ளிக்கொண்டே டிரம்மைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். காலையில் ஆபீஸுக்குப் போகும் முன் சுற்று, சாயங்காலம் வந்து சுற்று. சித்திரையில் ஆரம்பித்தார், புரட்டாசி வரை சுற்றினார். கொல்லை வழியாகப் போகிறவர்கள் என்ன வேண்டுதலோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் டிரம்மின் மேல் யாரோ இரண்டு துளசி தளம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும், பொய் சொல்வானேன், அதற்கப்புறம் டிரம்மைக் கால் படாமல் தாண்டிப் போவேன். ஒரே கஷ்டம், அந்தப் பொடி வாங்கின செலவை மளிகையில் எழுதுவதா, வைத்தியத்தில் எழுதுவதா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காமல் உன் ஸ்லேட்டை எட்டிப் பார்த்தே படித்தவள் நான். ஆனால் கணக்கு நேராகாமல் படுத்ததில்லை, உனக்கே தெரியும். கடைசியில் ‘கைங்கர்யம்’ என்று எழுதினேன்.

கண்ணாடி ஆச்சு, ரசம் பூசியாச்சு, தகரக்காரரிடம் கொடுத்து ஆள் உயரத்துக்குக் குழாயும் ஆச்சு. அதை மொட்டை மாடியில் ஏற்றி, பட்டப்பகலில் மலைக்கோட்டையைப் பார்த்துத் திருப்பினார். நடுவில் எதிராத்து மாடி. அங்கே ரங்கநாயகி அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழாயில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், அது அதன் சுபாவம். அதைத் தெரிந்துகொள்ளாத முதல் சந்தோஷத்தில் அவர் மாடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டு, “ஏண்டி, எதிராத்து மாமி தலைகீழா தொங்கறா, வந்து பாரேன்” என்று தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார். அன்றோடு எனக்கும் ரங்கநாயகிக்கும் பேச்சு வார்த்தை நின்றது. எங்கள் பெயர்ப் பொருத்தமே அப்படி. பங்குனியில் பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லித் தாயாரோடு சேர்த்தி ஆகித் திரும்பினால், இங்கே ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தாயார்களுக்கே அந்தக் கதி என்றால் எதிரெதிர் வாசல்காரிகளுக்குக் கேட்பானேன். மாடி உதவாது என்று ஆனதும் குழாய் கொல்லைக்கு இறங்கியது. அசையாத பீடம் வேண்டும் என்று தேடினார். என் ஆட்டுக்கல் கண்ணில் பட்டது. குழவியை எடுத்துக் கிணற்றடியில் உருட்டிவிட்டு, குழியில் ஒரு கட்டையைச் செருகி, அதன் மேல் குழாய். ஐப்பசியிலிருந்து இந்த ஆத்தில் இட்லி இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அம்பி. சனியைப் பார்த்தேன். இந்த வருஷம் அவர் துலாத்துக்கு வந்து எனக்கு ஏழரை ஆரம்பம். பெருமாளை நம்பினவர்களைக் கிரகம் என்ன பண்ணும் என்று நான் ஊருக்குச் சொல்வேன். குழாயில் கண்ணை வைக்கும்போது மாத்திரம் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என்ன அழகு என்கிறாய்! இடுப்பில் ஒட்டியாணம் கட்டிக்கொண்டு, சாதுவாக, பொன் நிறமாக நிற்கிறார். இவரா ஆட்டி வைக்கிறார் என்று இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அத்திம்பேரோடு டிராயிங் ஆபீஸில் வேலை பார்க்கிற கிளமென்ட் என்று ஒருவர், பாலக்கரைக்காரர், நல்ல மாதிரி. ஆனால் வாய் சும்மா இருக்காது. சனிக்குப் பக்கத்தில், சித்திரை நட்சத்திரத்துக்கு வடக்கே நெப்டியூன் என்று ஒரு கிரகம் இந்த மாதம் இருக்கிறது என்று ஏதோ இங்கிலீஷ் புஸ்தகத்தில் பார்த்துச் சொன்னார். வெறும் கண்ணுக்குத் தெரியாது, நம் பஞ்சாங்கத்தில் இடம் கிடையாது, ஆகையால் தோஷமும் கிடையாது பரிகாரமும் கிடையாது. குழாயில் பார்த்தாலும் மற்ற நட்சத்திரங்களைப் போல ஒரு மங்கல் புள்ளிதான். ஒரே ஒரு வித்தியாசம், நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும், கிரகம் நாளுக்கு ஒரு மயிரிழை நகரும். தினம் புள்ளிகளைப் படம் போட்டு வைத்து, எது நகர்ந்தது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டுமாம். சொன்னவர் அதோடு நிறுத்தினாரா? “சார், நீங்க தேய்ச்ச கண்ணாடியில சனி தெரியும். நெப்டியூன் தெரிஞ்சா நான் பாலக்கரையிலேர்ந்து உங்க வாசல் வரைக்கும் நடந்தே வரேன்” என்று சிரித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு லால்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அன்றைக்கு அத்திம்பேர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையில் தழும்பு ஏறத் தேய்த்த கண்ணாடி அல்லவா.

இந்தப் படம் போடுவதில்தான் நான் உள்ளே வந்தேன். இருட்டில் பார்க்க வேண்டும், விளக்கேற்றினால் கண் கூசி மங்கல் புள்ளி மறைந்துவிடும், விளக்கில்லாமல் காகிதத்தில் எழுத முடியாது. அவர் போட்ட முதல் படம் வெந்தயம் சிந்தின மாதிரி இருந்தது. நான் எப்படியும் மார்கழியில் விடியுமுன் எழுந்து வாசலுக்குக் கோலம் போடுகிறவள். அடுத்த தெருவில் போகிற போக்கில் ஒரு கோலத்தைப் பார்த்தால் ஆத்துக்கு வந்து புள்ளி பிசகாமல் போட்டுவிடுவேன், இது இந்த ஊரில் பத்துப் பெண்ணில் எட்டுப் பேருக்கு வரும். ஆகவே ஏற்பாடு என்ன என்றால், அவர் குழாயைச் சரியாகத் திருப்பி வைப்பார், நான் ஒரு தடவை பார்ப்பேன், நேரே வாசலுக்குப் போய் அந்தப் புள்ளிகளைக் கோலமாவால் வைத்துவிட்டு, குளித்துத் திருப்பாவை கோஷ்டிக்குப் போய்விடுவேன். வெளுத்த பிறகு அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து அதைக் காகிதத்தில் இறக்கிக்கொள்வார். வாசல் என் இலாகா, காகிதம் அவர் இலாகா. நான் கோயிலிலிருந்து திரும்புவதற்குள் மாடும் மனுஷர்களும் வானத்தை மிதித்துத் துவைத்திருப்பார்கள்.

என் வேலையில் ஒரு பிசகு கிடையாது என்று சத்தியம் பண்ணுவேன். நேற்று வைத்த இடத்தில் இன்று வைப்பேன். ஒரே ஒரு புள்ளிதான் ஒழுங்கீனம். சனிக்குப் போகிற பக்கமாக, மங்கலாக, கொஞ்சம் நீலம் பாரித்தாற்போல ஒன்று. தினம் ஒரு விரற்கடை தள்ளித் தெரியும். கண்ணாடியில் குறை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் மனுஷர் மறுபடி டிரம்மைச் சுற்ற ஆரம்பிப்பார். ஆகவே வாயைத் திறக்காமல், தினம் அதை நேற்றைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துக் கணக்கை நேர் பண்ணிவிடுவேன். பௌர்ணமிக்கப்புறம் நிலா விடியும் வரை நின்று கெடுத்ததால் கொஞ்ச நாள் குழாய்க்கு விடுமுறை, நானும் ஆசை தீரத் தாமரைக் கோலம் போட்டேன். மறுபடி பார்க்கிறேன், அது அரைச் சாண் தள்ளிப் போயிருக்கிறது. அதையும் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒரு ஆம்படையான் நிம்மதிக்காக இவ்வளவுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

நிலா விலகி மறுபடி புள்ளி வைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த அமர்க்களம். ஒரு நாள் வாசலிலிருந்து எழுந்து வந்தவர் சட்டையை உள் வெளியாகப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். மறுநாள் குழாயில் நெடுநேரம் பார்த்து, “தெரியறது, தெரியறது” என்றார். மூன்றாம் நாள் காகிதங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துக்காட்டினார். இதுவரை இல்லாத ஒரு புள்ளி. முதல் நாள் வலது கோடியில், மறுநாள் நடுவில், மறுநாள் இடது கோடியில். நெப்டியூன் எல்லாம் இதற்கு முன் நிற்காதாம். இந்த வேகத்தில் போகிற கிரகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். நானும் பெருமாள் கிருபை என்று கற்கண்டு வாயில் போட்டேன். அன்றைக்கே உங்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார். ஆட்டுக்கல்லைக்கூடத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். ‘அரங்கனைக் கண்ட பிறகு வேறு எதைப் பார்க்கணும்’ என்றார். என் கல்யாணத்தன்றுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இன்று காலை கோஷ்டிக்குக் கிளம்பிப் பாதித் தெரு போனவள், பிரசாதத்துக்குத் தூக்கு எடுத்துவர மறந்து திரும்பினேன். வெளுக்க ஆரம்பித்திருந்தது. நம் வாசலில் ஒரு பெண்பிள்ளை குனிந்துகொண்டிருந்தாள். கையில் கோலமாவுக் கிண்ணம். ரங்கநாயகி! மாதக் கணக்கில் பேசாத நாக்கு, எதை முதலில் கேட்பது என்று தெரியாமல், “என்ன பண்றேள்?” என்று மட்டும் கேட்டது. அவள் பதறவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பேசப்படாதுன்னுதான் இருந்தேன். நீங்களா கேட்டதாலே சொல்றேன். ஏகாதசி சேவைக்கு வந்து தங்கின எங்க சம்பந்தியம்மா, ‘எதிராத்துல யாருக்கானும் உடம்பு சரியில்லையா, மார்கழிக் கோலம் இப்படி மூளியா இருக்கே’ன்னு கேட்டா. எனக்கு மானம் போயிடுத்து. உங்களோடதான் பேச்சில்லை. உங்காத்து வாசலோட எனக்கென்ன சண்டை?”

“தினமுமா வெச்சேள்?”

“ஒத்தைப் புள்ளிதான். ஒரு நாள் இந்தப் பக்கம் மொட்டையா இருந்தது, ஒரு நாள் அந்தப் பக்கம். எங்கே குறைஞ்சதோ அங்கே வெச்சேன்.”

ஆறு மாதம் டிரம்மைச் சுற்றி, பனியில் நனைந்து, உலகத்துக்கே சொல்லி, பெருமாள் பெயரையும் வைத்து, கடைசியில் அது ரங்கநாயகியின் கோலமாவு. அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. சண்டைக்காரி வாசல் மூளியாக இருக்கக்கூடாது என்று இருட்டில் வந்து ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிற மனசு யாருக்கு வரும்? அவள் வைத்ததை மட்டும் காலால் தேய்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். இன்றைய பாசுரம் ஒரு வரி காதில் ஏறவில்லை.

ஆகவே அம்பி, மூன்று காரியம் உன்னால் ஆக வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துவிடு. ‘காகிதத் தட்டுப்பாட்டினால் கிரகச் செய்திகளுக்கு இடமில்லை’ என்று மரியாதையாக உங்கள் ஆபீஸ் சார்பில் ஒரு கார்டு எழுதிப் போடு. எடுத்தது நான் சொல்லி என்று அவருக்கு ஆயுசுக்கும் தெரியக்கூடாது. அப்புறம், பட்டணத்தில் யாராவது இந்தக் குழாயை வாங்கிக்கொள்வார்களா என்று விசாரி. கண்ணாடியில் ஒரு இடத்தில் மட்டும் குறை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு, பாவம் நமக்கு வேண்டாம். கிளமென்ட் ஊரிலிருந்து வந்து இந்தக் கூத்தைப் பார்க்குமுன் அது ஆத்தை விட்டுப் போய்விட்டால் தேவலை.

உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைக்கும் ஸ்ரீரங்கநாதர் தீர்க்காயுசும் சகல சம்பத்தும் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வாங்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் நலத்தையே கோரும் அக்கா,
கமலவல்லி

பின்குறிப்பு: போகி காலை. நேற்று உறையை ஒட்டுமுன் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கிளமென்ட். கையில் நட்சத்திரப் படம் வேறு. அத்திம்பேர் காகிதங்களை எல்லாம் கூடத்தில் பரப்பி அரங்கனைக் காட்டினார். நான் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பெருமாளே, பூமி பிளக்கக்கூடாதா என்று நின்றேன். அவரோ அரங்கனைப் பார்க்கவே இல்லை. வேறொரு புள்ளியில் விரலை வைத்தார்.

“சார், உங்க கிரகம் இருக்கட்டும். இது என்னது? மேப்ல இந்த இடத்துல நட்சத்திரமே கிடையாதே. மார்கழி பிறந்தப்ப நெப்டியூன் இருக்க வேண்டிய இடம் சார் இது.” அத்திம்பேர் குனிந்து பார்த்தார். கிளமென்ட் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஆனா கிரகம்னா நகரணும். இது மாசம் பூரா ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்குது. இல்லைங்க, இது அது இல்லை.”

அந்த நீலப் புள்ளி, அம்பி. அத்திம்பேர் முகம் விழுந்ததைப் பார்த்தபின் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

“நகர்ந்துண்டுதான் இருந்தது. நான்தான் விடலை” என்றேன்.

அத்திம்பேர் மெதுவாக, “அப்போ அரங்கன்?” என்றார். “அது எதிராத்து மாமி” என்றேன். கிளமென்ட் சிரித்த சிரிப்பில் காப்பி முழுக்கக் காகிதத்தின் மேல். அத்திம்பேர் சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

இன்று விடியுமுன், ஊரில் போகி நெருப்பு மூட்டுவதற்கு முன்னால், அவரே எழுப்பினார். என்னை முதலில் பார்க்க விடவில்லை. அவரே கண்ணை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “நீ சொல்லாதே, நான் சொல்றேன். நீ வெச்ச இடத்துலேர்ந்து சனிப் பக்கமா தள்ளி, மங்கலா, நீலமா. சரியா?” என்றார். நான் பார்த்தேன். சரி என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பனி என்றார். நேராகத் தெருவைக் கடந்து போய் ரங்கநாயகி ஆத்துக் கதவைத் தட்டி, தலைகீழாகத் தொங்குகிறாள் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு, அவளையும் அழைத்து வந்து காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, “இத்தனூண்டுக்கா வாசலை மூளியா விட்டேள்?” என்றாள்.

ஆகவே மேலே எழுதின எதையும் செய்யாதே. கார்டு எழுதாதே, குழாய்க்கு ஆள் தேடாதே, கண்ணாடியில் குறை என்று யாரிடமும் வாயைத் திறக்காதே. கடிதத்தை மாத்திரம் எடுத்துவிடு, அதை இப்போது அவரே சொல்கிறார். இந்தக் கிரகத்தை வெள்ளைக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம், பேப்பரில் போட ஒன்றுமில்லையாம். ஆட்டுக்கல் அங்கேயே இருக்கட்டும். ரங்கநாயகி ஆத்துக் கல்லில் அரைத்துக்கொள்கிறேன், அவளே சொல்லிவிட்டாள். அத்திம்பேர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினதும், சொன்ன சொல் தவறாமல் கிளமென்ட் பாலக்கரையிலிருந்து காவேரிப் பாலத்து வழியாக நடந்தே வந்துகொண்டிருக்கிறாராம், அவருக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்க வேண்டும். நாளையிலிருந்து அந்தப் புள்ளியை நான் திருத்துவதாக இல்லை. அது போகிற இடத்தில் போகட்டும், கணக்கு உதைத்தால் உதைக்கட்டும்.